அனுப்பவில்லை, வைத்திருந்தேன்

2023 நவம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை, தீபாவளி. மலேசியாவில், பினாங்கு மாநிலத்துப் பிறை என்ற ஊரில், எங்கள் தாமான் (குடியிருப்பு) வீட்டில் காலை பதினொரு மணிக்கே பதினெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். அம்மா அடுப்படியில் ஆட்டுக்கறிப் பிரட்டலைக் கிளறிக்கொண்டிருந்தார். பிள்ளைகள் அங்பாவ் என்கிற அன்பளிப்புப் பண உறைகளைப் பிரித்து யாருக்கு எத்தனை வெள்ளி (ரிங்கிட்) என்று எண்ணிக்கொண்டிருந்தார்கள். டிவியில் ஓடிய படத்தைச் சாப்பாட்டுக்காக யாரோ நிறுத்தி வைத்தார்கள். அப்படி நிறுத்தி ஐந்து நிமிடம் ஆனால் எங்கள் டிவி குடும்பப் படங்களை ஒவ்வொன்றாகக் காட்ட ஆரம்பிக்கும். தங்கச்சி மகனின் முதல் பிறந்தநாள் வந்தது. தண்ணீர்மலையில் பால்குடத்தோடு அம்மா வந்தார். அதற்கடுத்து நானும் அவளும்.

ஆபாசம் என்று சொல்ல அந்தப் படத்தில் எதுவும் இல்லை. கேமரன் மலையில் ஒரு ஹோட்டல் அறை. முன்னால் நான், தலை கலைந்து, பல்லைக் காட்டிக்கொண்டு. பின்னால் வெள்ளைப் போர்வைக்குள் அவள் தூங்குகிறாள். தோள் தெரிகிறது, அவ்வளவுதான். ஆனால் அது எந்த அறை, எந்தக் காலை என்று பார்க்கிற யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. நாங்கள் பிரிந்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

நான் ரிமோட்டைத் தேடி எடுப்பதற்குள் முப்பது விநாடி ஓடியிருக்கும். அதற்குள் சித்தி மகன், பத்தொன்பது வயதுப் பையன், சிரித்துக்கொண்டே தன் ஹென்ட்போனில் டிவியைப் படம் பிடித்துவிட்டான். "டேய், அழிச்சிடு" என்றேன். "அழிச்சிட்டேன் அண்ணே" என்றான். அவன் அதைச் சொல்லும்போதே, பதினொரு பேர் இருந்த எங்கள் குடும்ப இளவட்டக் குரூப்பில் அந்தப் படம் 'அண்ணனோட தலைதீபாவளி' என்ற வரியோடு உட்கார்ந்திருந்தது.

இப்படிப்பட்ட கதைகளில் வழக்கமாக ஒரு கெட்டவன் இருப்பான். காதலி விட்டுப் போன ஆத்திரத்தில் படத்தைப் பரப்புவான், காசு கேட்டு மிரட்டுவான். நான் அப்படி எதுவும் செய்யவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். என்னைப் போல 'நான் நல்லவன்' என்று நம்பிக்கொண்டிருக்கும் ஆண்கள்தான் இதைப் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

நாங்கள் ஒரு டேட்டிங் செயலியில் பழகியவர்கள். அவளுக்குச் சுங்கை பட்டாணி; வேலை ஜார்ஜ்டவுனில். எனக்கு வீடு பிறை. வேலை பாயான் லெப்பாஸில் ஒரு ஃபேக்டரியில். இங்கே நம் ஆட்களின் கூட்டம் சின்னது. கர்னியில் ஐஸ் கச்சாங் சாப்பிட உட்கார்ந்தால் அடுத்த மேசையில் யாராவது ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியர் இருப்பார். அவர் உங்கள் பெரியம்மாவோடு படித்திருப்பார். அதனால் பத்து ஃபெரிங்கிக்குப் போனாலும் காரைவிட்டு இறங்க யோசிப்போம். வீட்டில் சொல்லும் தைரியம் இரண்டு பேருக்குமே இல்லை. எங்களுக்கு வீடு என்று ஒன்று இருந்ததென்றால் அது ஹென்ட்போனுக்குள்தான். காலை வணக்கம், சண்டை, சமாதானம், படம் எல்லாம் அதற்குள்தான் நடந்தது. 'ஏன் இப்படிப்பட்ட படமெல்லாம் எடுக்கிறீர்கள்' என்று கேட்கிற பெரியவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். கூடத்தில் உட்கார்ந்து பேசவிடாத காதல், வேறெங்கே போய்க் குடியிருக்கும்?

2023 மார்ச்சில் பிரிந்தோம். காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. கல்யாணப் பேச்சை நான் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன், அவளுக்கு அலுத்துவிட்டது. பட்டர்வொர்த்தில் ஒரு மாமாக் உணவுக்கடையில் கடைசியாகச் சந்தித்தோம். தே தாரிக் ஆறிப்போயிருந்தது. "படமெல்லாம் அழிச்சிடு" என்றாள். அவள் கண்முன்னே கேலரியைத் திறந்து, மொத்தமாகத் தேர்ந்தெடுத்து, அழித்துக் காட்டினேன். பெருந்தன்மையோடு நடந்துகொண்ட திருப்தியோடு காசு கட்டிவிட்டு வெளியே வந்தேன்.

நான் அழித்தது ஹென்ட்போனுக்குள் இருந்த பிரதியை மட்டும்தான். கிளவுடில் ஏறிய பிரதி அப்படியே இருந்தது. ஆண்ட்ராய்டு ஹென்ட்போன்களில் கேலரி ஒரு செயலி, கிளவுடில் சேமிக்கிற செயலி வேறு. ஒன்றில் அழித்தால் இன்னொன்றிலும் போய்விடும் என்று நினைப்பதற்கில்லை. அதற்கு மேல் ஒரு வேலையை நானே செய்து வைத்திருந்தேன். டிவி வாங்கிய புதிதில், நான், அம்மா, தங்கச்சி பிள்ளைகள் ஆகியோரின் முகம் எந்தப் படத்தில் இருந்தாலும் அது தானாகவே ஓர் ஆல்பத்தில் சேர்ந்து டிவியில் வரும்படி அமைத்திருந்தேன். அம்மாவுக்கு அதில் ரொம்ப சந்தோஷம். கேமரன் மலைப் படத்தில் என் முகம் இருந்தது. டிவி அதற்குச் சொன்ன வேலையைச் செய்தது. மாதக்கணக்கில் ஒன்றும் நடக்காததற்குக் காரணம், எங்கள் வீட்டில் சீரியல் ஓடாத நேரமே கிடையாது என்பதுதான்.

செவ்வாய்க்கிழமை இரவு ஒன்பது மணிக்கு அவள் கூப்பிட்டாள். எட்டு மாதத்தில் முதல் தடவை. அவள் அக்காவின் தோழி ஒருத்திக்கு அந்தப் படம் வந்திருக்கிறது. பிறையிலிருந்து சுங்கை பட்டாணிக்கு இரண்டு நாள்.

"நான் அனுப்பல. சத்தியமா நான் அனுப்பல" என்றேன்.

"நீ அனுப்புனியான்னு நான் கேக்கல. வச்சிருந்தியான்னு கேட்டேன்."

அந்தக் கேள்விக்கு இன்றைக்கும் என்னிடம் நல்ல பதில் இல்லை.

அன்று இரவு நான் செய்த முதல் காரியமே தவறு. சித்தி மகனைக் கூப்பிட்டுக் கத்தி, குரூப்பிலிருந்து உடனே அழிக்கச் சொன்னேன். வாட்ஸ்அப்பில் எல்லாருக்குமாகச் சேர்த்து அழிக்க இரண்டு நாளைக்குச் சற்று மேல்தான் நேரம் உண்டு. அந்த நேரம் முடியப் போகிறது என்ற பதற்றம் எனக்கு. அவன் அழித்தான். கூடவே யார் போட்டது, எத்தனை மணிக்குப் போட்டது என்ற சாட்சியமும் போனது. நல்ல வேளை, மாமா மகள் ஒருத்தி, இது சரியில்லை என்று தோன்றி, ஞாயிற்றுக்கிழமையே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தாள். எண், தேதி, நேரம், அந்த வரி எல்லாம் அதில் இருந்தது. அவள் மட்டும் இல்லையென்றால் எங்களிடம் ஒன்றுமே இருந்திருக்காது. முதலில் சாட்சியம், அப்புறம்தான் அழிப்பு. பதற்றத்தில் இந்த வரிசை தலைகீழாகிவிடுகிறது.

மறுநாள் வேலைக்கு லீவு போட்டுவிட்டு, குரூப்பில் இருந்தவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். என் குடும்பத்தை நான் தெரிந்துகொண்ட நாள் அது.

ஒருத்தன், "இதுக்குப் போயா, சினிமாவுல இல்லாததா?" என்றான். இன்னொருத்தன், "பிள்ளை யாரு அண்ணே, எந்த ஊரு?" என்று விவரம் கேட்டான். ஒரு தங்கச்சி, தான் திறந்தே பார்க்கவில்லை என்று சத்தியம் செய்தாள். ஆனால் போர்வையின் நிறத்தைச் சரியாகச் சொன்னாள். நான்கு பேரின் ஹென்ட்போனில், வாட்ஸ்அப்பில் வருகிற படமெல்லாம் தானாகக் கேலரியில் சேரும்படி இருந்தது. குரூப்பில் அழித்தாலும், ஐபோனின் கேலரிக்குள் போய்விட்ட பிரதியை அது தொடாது. ஒவ்வொருவரையும் கேலரிக்குள் போகச் சொல்லி, அழிக்கச் சொல்லி, பிறகு குப்பைத் தொட்டிக்குள் போய் அங்கேயும் அழிக்கச் சொல்லி, தொலைபேசியிலேயே உட்கார்ந்திருந்தேன். வெளியே அனுப்பியது யார் என்று கேட்டபோது அத்தனை பேரும் 'நான் இல்லை' என்றார்கள். யார் என்று கடைசிவரை தெரியவில்லை.

அந்தத் தொலைபேசிப் பேச்சுகள் எதிலும் ஒருவர்கூட என்னைக் குறை சொல்லவில்லை. படத்தில் நாங்கள் இரண்டு பேர் இருந்தோம். பேச்சில் அவள் ஒருத்திதான் இருந்தாள். "அந்த மாதிரிப் பிள்ளைகிட்டேயிருந்து தப்பிச்ச" என்று சித்தி எனக்கு ஆறுதல் சொன்னார். முகத்தை முழுசாகக் காட்டிக்கொண்டு இளித்தவன் நான். அந்த மாதம் முடிவதற்குள் எனக்கு இரண்டு இடத்தில் பெண் பார்த்தார்கள். அவளுக்கு அப்போது ஓர் இடத்தில் பேச்சு முடியும் நிலையில் இருந்தது. சில நாளில், ஜாதகம் பொருந்தவில்லை என்று மாப்பிள்ளை வீட்டிலிருந்து சொல்லியனுப்பினார்கள். மூன்று மாதத்துக்கு முன்பு பொருந்தியிருந்த அதே ஜாதகம்.

லெபோ பந்தாயில் நண்பனின் அக்கா ஒருவர் வக்கீலாக இருக்கிறார். அவரிடம் போய் நின்றேன். நான் முழுக் கதையையும் கொட்டி முடித்ததும், "அந்தப் பிள்ளை என்ன செய்யணும்னு சொல்லுது?" என்று கேட்டார். கேட்கவில்லை என்றேன். "அப்புறம் எதுக்குத் தம்பி நீ வந்த?" என்றார். சித்தி மகனை உதைப்பது, குரூப்பைக் கலைப்பது, ஃபேஸ்புக்கில் விளக்கம் எழுதுவது என்று நான் போட்டு வைத்திருந்த திட்டம் எல்லாம் என் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் என்று அப்போதுதான் உறைத்தது. அவள் எண்ணை அக்கா கேட்கவில்லை. தன் எண்ணைக் கொடுத்து, விருப்பம் இருந்தால் கூப்பிடச் சொல் என்றார். அவள் மூன்று நாள் கழித்துக் கூப்பிட்டாள். அதற்கு முன்பே பினாங்கு பெண்கள் மாற்ற மையத்தில், டபிள்யூசிசி என்று சொல்வார்களே, அங்கே போய் ஓர் ஆலோசகரிடம் பேசியிருந்தாள். காசு வாங்காமல், வெளியே சொல்லாமல் உதவுகிறார்கள் என்பதால் அங்கே போக அவளுக்குத் துணிச்சல் வந்திருக்கிறது.

போலீஸ் புகார் கொடுப்பது என்று அவள் முடிவு செய்தாள். மலேசியாவில் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். சம்பவம் நடந்த ஊரிலேதான் கொடுக்க வேண்டும் என்றில்லை. தெரிந்த முகம் இல்லாத ஒரு நிலையமாகப் பார்த்துப் போனோம். அவள் அக்காவோடு வந்தாள், நான் தனியாகப் போனேன், வக்கீல் அக்காவும் வந்திருந்தார். மேசைக்குப் பின்னால் இருந்தவர் எழுதிக்கொண்டே வந்து, நிமிர்ந்து, இப்படிப் படம் எடுக்க ஏன் விட்டாய் என்று மலாயில் அவளிடம் கேட்டார்.

"சாயா தீடோர், துவான்" என்றாள்.

தூங்கிக்கொண்டிருந்தேன்.

பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த எனக்கு அதுவரை அது தோன்றவே இல்லை. பரப்பியவன் சித்தி மகன், காட்டியது டிவி, நான் வெறும் அசட்டையானவன் என்றுதான் என்னைப் பற்றி நினைத்திருந்தேன். அந்தப் படத்தை எடுக்கலாமா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க முடியாது, அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். எடுத்த பிறகும் சொல்லவில்லை. அப்படி ஒரு படம் இருப்பது அவளுக்கே தெரிந்தது தீபாவளி முடிந்து இரண்டாவது நாள்தான்.

வெளியே வந்ததும் வக்கீல் அக்கா ஒரு வழக்கைப் பற்றிச் சொன்னார். நம் பினாங்கு உயர் நீதிமன்றத்தில் பல ஆண்டுகளுக்கு முன் நடந்தது. மயக்க மருந்தில் இருந்த ஒரு பெண் நோயாளியின் அந்தரங்க உறுப்பை டாக்டர் அவரிடம் கேட்காமலே படம் எடுத்துவிட்டார். மருத்துவத் தேவைக்காக என்றுதான் டாக்டர் தரப்பில் வாதாடினார்கள். படம் எங்கேயும் பரவவும் இல்லை. ஆனாலும் அது அந்தப் பெண்ணின் அந்தரங்கத்தில் தலையிட்ட சிவில் தவறு என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. "கெட்ட எண்ணம் இருந்துச்சா இல்லையாங்கிறது ரெண்டாவது கேள்வி தம்பி" என்றார். முதல் கேள்வி என்ன என்று அவர் சொல்லவில்லை. கேட்கும் நிலையில் நானும் இல்லை.

சட்டத்தைப் பற்றி அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும், பிறகு நடந்த மாற்றங்களையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233ஆம் பிரிவு இணையத்தில் ஆபாசமானதை, அச்சுறுத்துவதை, பிறரைத் துன்புறுத்தும் நோக்கத்தில் அனுப்புவதைக் குற்றமாக்குகிறது. அப்போது உச்ச தண்டனை 50,000 வெள்ளி அபராதம், ஓராண்டுச் சிறை. 2025 பிப்ரவரி 11 முதல் அது 5 லட்சம் வெள்ளி, இரண்டு ஆண்டு என்று ஏறிவிட்டது. ஒருவரின் மானத்துக்கு இழுக்கு உண்டாக்கும் செயல்களுக்குக் குற்றவியல் சட்டத்தின் 509ஆம் பிரிவில் ஐந்து ஆண்டு வரை சிறை உண்டு. பாலியல் தொல்லைக்கு எதிரான நடுவர் மன்றம் 2024 மார்ச் 8 முதல் புகார்களை எடுத்துக்கொள்கிறது. வக்கீல் வைக்காமலே போகலாம், 250,000 வெள்ளி வரை இழப்பீடு வாங்கித் தரும் அதிகாரம் அதற்கு உண்டு. அவள் விஷயம் நடந்தபோது அந்த மன்றம் திறந்திருக்கவில்லை. இன்னொன்று: சாட்சியச் சட்டத்தின் 114ஏ பிரிவின்படி, ஒரு கணக்கிலிருந்து ஒன்று வெளியாகியிருந்தால் அந்தக் கணக்கின் சொந்தக்காரர்தான் வெளியிட்டார் என்று முதலில் எடுத்துக்கொள்வார்கள். 'என் ஹென்ட்போனை வேற யாரோ எடுத்து அனுப்பிட்டாங்க' என்றால் அதை நிரூபிக்க வேண்டியது நீங்கள்தான்.

சட்டம் இருப்பதும் அது கைகொடுப்பதும் ஒன்றல்ல. 2024 ஜூலையில் கோலாலம்பூரில் நம் சமூகத்துப் பெண் ஒருவர், டிக்டாக்கில் பலருக்கும் தெரிந்தவர், இணையத் துன்புறுத்தலுக்குப் பிறகு உயிரை விட்டார். அந்த வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்ட ஒருவருக்கு நீதிமன்றம் விதித்த அபராதம் 100 வெள்ளி. இருந்த பழைய பிரிவில் அதற்கு மேல் போட இடமில்லை. நாடு கொதித்த பிறகுதான், பகடிவதைக்கும், ஒருவரின் சொந்த விவரங்களை வெளியிட்டுத் துன்புறுத்துவதற்கும் தனிப் பிரிவுகளைக் குற்றவியல் சட்டத்தில் சேர்த்தார்கள். அவை 2025 ஜூலை 11 அன்று நடப்புக்கு வந்தன. ஒரு சட்டத்தின் விலை என்ன என்று கேட்டால் எனக்கு அந்த 100 வெள்ளிதான் நினைவுக்கு வருகிறது.

சித்தி மகன் மேல் மேற்கொண்டு நடவடிக்கை வேண்டாம் என்று அவள் சொல்லிவிட்டாள். புகார் எண் கையில் இருந்தால் போதும், படம் மறுபடி எங்காவது முளைத்தால் அப்போது பயன்படும் என்றாள். அவளுக்கு வேண்டியிருந்தது வேறொன்று. என்னிடம் இருக்கும் அத்தனையையும் தானே பார்த்து, தன் கையாலேயே அழிக்க வேண்டும்.

டிசம்பரில் ஒரு சனிக்கிழமை, வக்கீல் அக்காவின் அலுவலகத்தில் அது நடந்தது. என் மடிக்கணினி, இப்போதைய ஹென்ட்போன், திரை உடைந்த பழைய ஹென்ட்போன், ஒரு ஹார்ட்டிஸ்க் எல்லாவற்றையும் கொண்டுபோய் மேசையில் வைத்தேன். கடவுச்சொற்களை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அவளும் அவள் அக்காவும் உட்கார்ந்து பார்த்தார்கள். நான் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டேன். யாரும் அப்படி உட்காரச் சொல்லவில்லை.

மொத்தம் 207 படம், 19 வீடியோ. நான் 'எல்லாத்தையும் அழிச்சிட்டேன்' என்று சொன்னவன்.

எங்கெங்கே இருந்தன என்பதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்களுடையதும் அங்கெல்லாம்தான் இருக்கும். கிளவுடில் இருந்தது. கிளவுடின் குப்பைத் தொட்டியில் இருந்தது. கூகுள் போட்டோஸில் ஏறிய படத்தை அழித்தால் 60 நாள் அதன் தொட்டியில் கிடக்கும், ஐபோனில் 30 நாள். மடிக்கணினியில், கிளவுடோடு இணைந்து தானாக நிரம்பும் ஒரு கோப்புறையில் இருந்தது. வாட்ஸ்அப்பின் காப்புப் பிரதிக்குள் இருந்தது. அரட்டையை அழித்துவிட்டுப் புதிய காப்புப் பிரதி எடுக்காதவரை பழையது அப்படியே கிடக்கும். திரை உடைந்ததால் செத்துவிட்டது என்று நான் இழுப்பறையில் போட்டிருந்த ஹென்ட்போனை ஒரு மானிட்டரில் மாட்டியதும் உயிரோடு எழுந்தது. கணினியில் வாட்ஸ்அப் திறந்து வைத்திருந்தேன், அதன் தரவிறக்கக் கோப்புறையில் ஐந்தாறு கிடந்தன. டிவி மட்டும்தான் பாவம், தன்னிடம் எதையும் வைத்திருக்கவில்லை.

ஒன்பது படங்களை அழிப்பதற்கு முன் அவள், அந்தரங்கப் படங்கள் சம்மதமில்லாமல் பரவுவதைத் தடுக்கும் ஸ்டாப் என்சிஐஐ (StopNCII) என்ற தளத்தில் பதிவு செய்தாள். 2021 இறுதியில் பிரிட்டனிலிருந்து தொடங்கியது. அதில் படத்தை அனுப்ப வேண்டியதில்லை. நம் கருவியிலேயே அந்தப் படத்துக்குக் கைரேகை மாதிரி ஓர் எண் உருவாகும். அந்த எண் மட்டும்தான் போகும். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், டிக்டாக் மாதிரி சேர்ந்திருக்கிற தளங்களில் யாராவது அதே படத்தை ஏற்றினால் எண்ணை வைத்துக் கண்டுபிடித்துத் தடுப்பார்கள். பதினெட்டு வயது நிரம்பியவர்களுக்கு மட்டும்தான். அதற்குக் கீழே உள்ளவர்களுக்கு டேக் இட் டவுன் என்று அமெரிக்காவிலிருந்து நடக்கும் வேறொரு சேவை உண்டு. இதற்கும் எல்லை இருக்கிறது. வாட்ஸ்அப்பில் ஆளுக்கு ஆள் அனுப்புவதை இது நிறுத்தாது. சேராத தளங்களையும் ஒன்றும் செய்யாது. இருந்தாலும், காத்திருந்து பயப்படுவதைவிட முன்கூட்டியே ஒரு பூட்டைப் போட்ட மாதிரி இருக்கிறது என்றாள்.

எல்லாம் முடியும் நேரத்தில் நானே ஒன்றைச் சொன்னேன். சொல்லாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரியாது. கேமரன் மலைப் பயணத்தில் கூகுள் வரைபடத்தில் ஒருவர் இருக்குமிடத்தை ஒருவர் பார்க்கும்படி வைத்திருந்தோம். 'நிறுத்தும்வரை' என்று போட்டது. அவள் நிறுத்த மறந்துவிட்டாள். பிரிந்த பிறகும் அவள் எங்கே இருக்கிறாள் என்று என் ஹென்ட்போனில் தெரிந்துகொண்டே இருந்தது.

"பாத்தியா?" என்றாள்.

"ரெண்டு தடவ."

யாரும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வக்கீல் அக்கா, பின்தொடர்வதைக் குற்றமாக்கும் 507ஏ பிரிவு அந்த ஆண்டு மே மாதம்தான் நடப்புக்கு வந்தது என்றும், திரும்பத் திரும்ப என்பதற்குச் சட்டத்தில் இரண்டு முறையே போதும் என்றும் சொன்னார். பயமுறுத்தும் நோக்கத்திலோ, அவள் பயப்படுவாள் என்று தெரிந்தோ நான் செய்யவில்லை என்பதால் அது எனக்குப் பொருந்தாது என்று அவரே சேர்த்துக்கொண்டார். ஆனால் எண்ணிக்கை சரியாகத்தான் இருந்தது.

இப்போது நான் வேறொருவரோடு பழகுகிறேன். இந்தக் கதையை மூன்றாவது சந்திப்பிலேயே சொல்லிவிட்டேன்; எழுந்து போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். போகவில்லை, ஆனால் அன்றிலிருந்து எங்களுக்குள் சில ஏற்பாடுகள். படமே வேண்டாம் என்று நான் யாருக்கும் உபதேசம் செய்ய மாட்டேன்; அதை யாரும் கேட்பதில்லை. எடுப்பதென்றால் இரண்டு பேரும் விழித்திருக்க வேண்டும். முகமும் உடம்பும் ஒரே படத்தில் வேண்டாம். பச்சை குத்தியது, மச்சம், அறையின் சன்னல்கூட முகம் மாதிரிதான். கிளவுடில் ஏறாத, பூட்டிய கோப்புறையில் மட்டும் இருக்கட்டும். ஒருமுறை மட்டும் பார்க்கும்படி வாட்ஸ்அப்பில் அனுப்புகிற வசதியில் ஸ்கிரீன்ஷாட் எடுக்க முடியாது, உண்மைதான். ஆனால் பக்கத்தில் இன்னொரு ஹென்ட்போனை நீட்டினால் முடிந்தது. சித்தி மகனுக்கு அதைக்கூட யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஹென்ட்போன் பழுதானால் கடையில் அப்படியே கொடுத்துவிட்டு வராதீர்கள். சாம்சங்கிலும் பிக்சலிலும் பழுதுபார்ப்பவர் உங்கள் படங்களைப் பார்க்க முடியாதபடி மறைத்துக் கொடுக்கிற வசதி இருக்கிறது.

பிரிவு வந்தால் ஒரு முழு நாளை ஒதுக்குங்கள். அழுவதற்கு வேறு நாள் வைத்துக்கொள்ளலாம். வாட்ஸ்அப்பில் இணைந்த சாதனங்கள் எவை என்று பாருங்கள். அவருடைய கணினி அந்தப் பட்டியலில் இருக்கலாம். கூகுள், ஆப்பிள் கணக்குகளில் எந்தெந்தக் கருவிகள் உள்ளே இருக்கின்றன என்று பார்த்து வெளியேற்றுங்கள். கடவுச்சொல்லை அதற்குப் பிறகு மாற்றுங்கள். ஐபோன் என்றால் பாதுகாப்புச் சோதனை என்று அமைப்புகளுக்குள் ஒன்று இருக்கிறது, யார் யாருக்கு எதைக் கொடுத்து வைத்திருக்கிறீர்கள் என்று வரிசையாகக் காட்டும். வரைபடத்தில் இடம் பகிர்வதை நிறுத்துங்கள். பகிர்ந்த ஆல்பம், படம் பார்க்கும் கணக்கு, அவர் பெயரில் நீங்கள் பயன்படுத்தும் எல்லாமே.

மிரட்டல் வந்தால் நிலைமை வேறு. காசு கொடுக்காதீர்கள், கெஞ்சாதீர்கள், உடனே தடுக்கவும் வேண்டாம். முதலில் எண்ணும் நேரமும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட். மனது தாங்கவில்லை என்றால் தாலியான் காசே என்ற மலேசிய அரசின் உதவிச் சேவையில், 15999 எண்ணில் பேச ஆள் இருக்கிறது. வீட்டில் ஒருவரிடமாவது சொல்லிவிடுங்கள். பெரும்பாலும் நாம் பயப்படுகிற அளவுக்கு அவர்கள் உடைந்துபோவதில்லை. அம்மா விஷயத்தில் நான் அதைப் பார்த்தேன். முழுக் கதையையும் சொன்ன அன்று, அவர் என்னைப் பார்த்துக் கேட்டது ஒன்றுதான்: "அந்தப் பிள்ளை சாப்பிடுதாடா?"

இந்தப் பொங்கலுக்கு வீட்டைச் சுத்தம் செய்தபோது, பழைய கேமரா உறையின் ஓரத்தில் நகம் அளவு ஒரு மெமரி கார்டு கிடைத்தது. கணினியில் போட்டுப் பார்த்தேன். முதல் படத்திலேயே கேமரன் மலைத் தேயிலைத் தோட்டம். அதற்கு மேல் திறக்கவில்லை. அவளைக் கூப்பிடும் உரிமை எனக்கு இல்லை. வக்கீல் அக்காவுக்குச் செய்தி அனுப்பினேன். என்ன செய்வது, கொண்டுவந்து கொடுக்கவா, நானே அழித்துவிட்டு உடைத்த கார்டைப் படம் எடுத்து அனுப்பவா என்று கேட்டேன்.

இரண்டு நாள் கழித்து, அவள் சொன்னதாக அக்காவிடமிருந்து பதில் வந்தது.

"ஒடைச்சுப் போடச் சொல்லுங்க. படம் எடுத்து அனுப்ப வேணாம்."